கிளாக்கர் ஐயாவின் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள்

அண்ணன் காப்பரேட்டரை விற்றிருந்தான். ஹெட்லைட்டையும் விற்றிருந்தான். மிச்சத்தைப் பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் எடுத்தான்.

"தங்கச்சி, அப்பாவோட வண்டிய குடுத்துறலாம்னு இருக்கேன். லயத்துக்குப் பின்னால எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு. கோழி உள்ளுக்கப் போயி முட்ட வைக்கிது."

அப்பாவின் கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் கண்டியில் அலுவலக மேசையில் இருந்தேன். அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலை. சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தமிழில் எழுதுவதும், தமிழில் வரும் முறைப்பாடுகளைச் சிங்களத்தில் எழுதுவதும். ஐம்பத்தொரு வயது. அந்த இடத்தில் நான் குரலை உயர்த்தியதை அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"நீ அதுல கை வச்சேன்னு வையி, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். ஒனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லன்னு வச்சிக்க."

அடுத்த நாளே ஒரு சின்ன லொறியைப் பிடித்துக்கொண்டு எங்கள் தோட்டம் இருக்கும் ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறினேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் அண்ணன் நின்று பார்த்தான். நானும் லொறிக்காரரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஏற்றினோம். டயர் இரண்டும் கருவாடுபோல் காய்ந்திருந்தன. சீட்டுக்குள் வைக்கோலும் கோழி எச்சமும். சங்கிலி துருவேறி ஒரே இரும்புத் துண்டாக இறுகிப்போயிருந்தது.

அந்த வண்டி எங்களிடம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அப்பா தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்த்தவர். கடைசி வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்தில் செய்த இந்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளில்தான் மலை சுற்றுவார். அதில் எந்தப் பழுதையும் அப்பாதான் பார்ப்பார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது துரை தன் நாட்டுக்குப் புறப்பட்டார். போகும்போது வண்டியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அப்பாவின் பெயரை எழுத முடியவில்லை. அப்பாவிடம் அடையாள அட்டை இல்லை. இந்த மலையில் பிறந்து, இந்த மலையிலேயே வேலை செய்து, எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லாமல் கிடந்த எங்கள் சனங்களில் அவரும் ஒருவர்.

தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் வடக்கிலிருந்து வந்தவர். அவர்தான் வழி சொன்னாராம். "இப்ப என்ர பேரில பதிவம். உனக்குப் பிரஜாவுரிமை கிடைச்ச உடன மாத்தித் தாறன்." அப்பா அவர் காலைத் தொடாத குறையாக நன்றி சொல்லியிருப்பார். அப்பாவை எனக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதில் ஒருநாள், பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க அப்பா என்னை டேங்கின் மேல் உட்காரவைத்துக் கீழே பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு வளைவில் பொலிஸ்காரர்கள் இரண்டு பேர் கைகாட்டி நிறுத்தினார்கள். "பொத கோ?" என்றார் ஒருவர். புத்தகம் எங்கே என்று கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். புத்தகத்தில் ஒரு பெயர். அப்பா சொன்னது இன்னொரு பெயர். அடையாள அட்டை எங்கே? இல்லை. யாருடைய வண்டியைத் திருடினாய் என்று கேட்டபடி அவர் அப்பாவின் கன்னத்தில் அறைந்தார். நான் டேங்கின் மேலேயே இருந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அறையைக்கூட என்னால் எங்கேயாவது வைத்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சிரிப்பை முடியவில்லை. மகள் பயந்துவிடக் கூடாது என்று, அடி வாங்கிய வாயால் சிரித்தார்.

பின்னேரம் கிளாக்கர் வந்து, தன் வண்டிதான் என்றும் தானே ஓடக் கொடுத்ததாகவும் சிங்களத்தில் சொன்ன பிறகுதான் எங்களை விட்டார்கள்; புத்தகத்தை அவரே கொண்டுபோய்விட்டார். அப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. மலைமேல் தோட்டம்வரை தள்ளிக்கொண்டே வந்தார். லயத்துக்குப் பின்னால் நிறுத்தித் தகரம் போட்டு மூடினார். பிறகு அதில் ஏறவே இல்லை. பல வருடம் கழித்துப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதற்குள் கிளாக்கர் ஓய்வுபெற்றுக் கண்டியில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார். அப்பா அங்கே போய்ப்போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் "ஐயா பொறவு வரச் சொன்னாரு" என்பார். பிறகு ஐயாவே செத்துப்போனார்.

இந்த வண்டியைத்தான் அண்ணன் நிறுத்து விற்கப் பார்த்தான்.

பழைய இங்கிலாந்து வண்டி என்றால் கம்பளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு நானா இருக்கிறார், அவரைவிட்டால் ஆள் இல்லை என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். லொறியை நேரே அங்கே விடச் சொன்னேன். ஆளைக் கண்டதும் நம்பிக்கை போய்விட்டது. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மெலிந்த ஆள், வெள்ளைத் தொப்பி, சாரம், சட்டைப் பையில் ஒரு அளவுகோல். ஆனாலும் முஸ்லிம் கடைக்காரரை எங்கள் பக்கத்தில் வயது பார்த்தா கூப்பிடுகிறோம்? அண்ணன் என்று பொருள்படும் நானாதான்.

அவர் லொறியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இது என்ன மிஸ்?"

"மோட்டார் சைக்கிள்."

"நான் நெனச்சன் கோழிக்கூடு என்டு."

"செய்ய ஏலுமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க நானா."

"ஏலும். ஆனா நான் செய்ய மாட்டன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறேன். அவர் அவசரப்படாமல் சொன்னார்: "மத்தவங்கட வண்டிய நான் பொறுப்பெடுக்கிறல்ல. ஒங்கட வண்டி, ஒங்கட கை. சனிக்கிழம சனிக்கிழம வாங்க. பக்கத்துல இருந்து நான் சொல்லித் தாறன். அங்கால ஒரு ஷெட் ஈக்கி. அதுல வெய்ங்க. பூட்டும் சாவியும் நீங்களே கொண்டு வாங்க."

என்னைத் தட்டிக்கழிக்க இப்படிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முழு வழியும் அவரை மனதுக்குள் திட்டினேன். அடுத்த சனிக்கிழமை பூட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்து, இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தபடி, "இடக் கைப் பக்கம். இல்ல மிஸ், ஒங்கட இடக் கை இல்ல, வண்டிட இடக் கை" என்பார். கழற்றும் ஒவ்வொரு பொருளையும் பால்மாத் தகரத்தில் போட்டு, எந்த ஒழுங்கில் கழற்றினேன் என்று கொப்பியில் எழுத வேண்டும். ஒரு வொஷரை எழுதாமல் விட்டதற்காக மூன்று மணித்தியால வேலையைத் திரும்பச் செய்யவைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். என் வயதில் இருக்கும் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து ஸ்பேனர் பிடிப்பதைப் பார்க்க, தெருவில் போகிறவர்களெல்லாம் ஷெட் வாசலில் நின்றார்கள். "நோனா, என்ட சைக்கிளுக்கும் ஒரு பஞ்சர் ஒட்டுறதா?" என்று ஒருவன் சிரித்தான். நான் எழுந்து, கையிலிருந்த கிறீஸோடு அவன் அருகில் போய், "கொண்டு வாங்க, ஒட்டித் தாறேன். ஒட்டத் தெரிஞ்சவங்க ஒங்க ஊட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டேன். அவன் அடுத்த வாரம் வரவில்லை.

பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப்போயிருந்தது. நாற்பது வருடத் துரு. மேலால் டீசல் ஊற்றி ஊறவிட வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார் நானா. நான்கு சனிக்கிழமை தட்டினேன். அது அசையவில்லை. ஐந்தாவது வாரம் அலுவலகத்தில் நடந்த ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து வந்த கிழவர் ஒருவரைப் பிறப்புச் சான்றிதழுக்காக நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திருப்பி அனுப்பும் கடிதத்தைத் தமிழில் எழுதியவள் நான். நானா பிளேன்டீ எடுக்க உள்ளே போன நேரம், மரச் சுத்தியலை வைத்துவிட்டு இரும்புச் சுத்தியலை எடுத்தேன். ஓங்கி அடித்தேன். மறுபடி அடித்தேன். மூன்றாவது அடியில் கை வழுக்கி, சிலிண்டரின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் இரும்புத் தகடுகளில் ஒன்று துண்டாக உடைந்து தரையில் விழுந்தது.

நானா ஓடிவந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். உடைந்த துண்டை எடுத்து ஒரு தகரத்தில் போட்டு மூடினார்.

"இப்ப யார அடிச்சீங்க மிஸ்?"

"பிஸ்டன."

"இல்ல. பிஸ்டனுக்கு இப்பிடி யாரும் அடிக்கிறல்ல."

அழக்கூடாது என்று இருந்தேன், அழுதுகொண்டே சொன்னேன். கிளாக்கர், புத்தகம், வளைவு, அறை, எல்லாம். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

"என்ட கராஜ் முந்தி இங்க இல்ல. திகன ரோட்டுல ஈந்திச்சி. முஸ்லிம் ஆக்கள்ட கடைகளுக்கு நெருப்பு வெச்ச அந்த வாரம் எனக்கும் வெச்சாங்க. உள்ளுக்கு மூணு வண்டி. ஒண்டு என்டது. மத்த ரெண்டும் என்ன நம்பித் தந்த ஆக்கள்ட. ஒராள் அவர்ட மவுத்தாப் போன வாப்பாட வண்டியத் தந்தீந்தாரு. வந்தாரு, பாத்தாரு, ஒண்டும் கேக்கல்ல. என்ட தோளத் தட்டிட்டுப் போய்ட்டாரு. ஏசியீந்தா கொஞ்சம் லேசா ஈந்தீக்கும். அதுக்குப் பொறகு நான் ஒருத்தர்ட வண்டியும் பொறுப்பெடுக்கிறல்ல."

"கோபம் வரலீங்களா நானா?"

"வரல்லயா? ஒவ்வொரு நாளும் விடியக் காலத்துல சுபஹு தொழ எழும்பக்குள்ளயே வருது."

"அப்ப என்னா செய்றீங்க?"

"என்ன செய்ற? தொழுதுட்டு வந்து கராஜத் தொறக்கிறன். கோவம் போறல்ல மிஸ். ஆனா நான் சுத்தியல எடுக்கிறல்ல, அந்த நேரத்துல."

அன்று வேலை செய்யவில்லை. இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம். அடுத்த வாரம் பிஸ்டன் அசைந்தது. ஒரு நூலளவு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அரிசிக் கடைக்காரர் ஓடிவந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் ஓடின. உடைந்த தகட்டைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வெல்டிங்காரர் ஒட்டினார். தழும்பு தெரியும், பரவாயில்லை. சிலிண்டரைக் கடைந்து, இந்தியாவிலிருந்து வந்த புதுப் பிஸ்டன் ஒன்றை அதற்குப் பொருத்தினேன். சக்கரத்துக்குக் கம்பி கோக்க எனக்கு ஒன்றரை மாதம் எடுத்தது. கோத்து முடித்துச் சுற்றிவிட்டால் சக்கரம் குடிகாரன்போல் ஆடும். அவிழ்த்துத் திரும்பக் கோக்க வேண்டும். நான்காவது முறை அது ஆடாமல் சுற்றியபோது நானா பெட்டியைவிட்டு எழுந்து வந்து, குனிந்து பார்த்து, "ம்" என்றார். அந்த "ம்"முக்காக நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை வெளியே காட்டவில்லை.

ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆன பிறகு, மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, பதினேழாவது உதையில் எஞ்சின் பிடித்தது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. நானா முதல்தடவையாக வண்டியைத் தொட்டார். டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அணைத்த பிறகு சொன்னார்:

"எஞ்சின் சரி. புத்தகம்?"

புத்தகம் இல்லாமல் அந்த வண்டியோடு ரோட்டில் இறங்க முடியாது. கிளாக்கரின் வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். ஹந்தானைப் பக்கம் ஏறும் ரோட்டில் அந்தப் பழைய வீட்டிலேயே இருவரும் இருந்தார்கள். மகன் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஓய்வுபெற்றவர். அக்கா அறுபது தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஆசிரியையாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது.

ஒரு கிலோ பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் அந்தப் பிஸ்கட்டுக்காகவே என்மேல் ஆத்திரம் வருகிறது.

"நீர் ஆற்ற மகள்?" என்றார் அவர், கதிரையில் சாய்ந்தபடி. நான் சொன்னேன். "ஓ, எஞ்சின்காரன்ர மகளே!"

ஐம்பது தாண்டிய என்னை, முதல்முறை பார்க்கும்போதே, "நீர்". என் அப்பாவை "எஞ்சின்காரன்". விழுங்கிக்கொண்டேன். விஷயத்தையும், வண்டி கம்பளையில் நிற்பதையும் சொன்னேன். மடத்தனமாக, போனில் இருந்த வண்டியின் படத்தையும் காட்டினேன். கறுப்பு டேங்க், வெள்ளிக் கோடு, புதுக் கம்பிகள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செய்திருக்கிறீர். படத்தை எனக்கு அனுப்பிவிடும். புத்தகம் எங்கயோ அலுமாரிக்குள்ள கிடக்கும், பாத்துச் சொல்லுறன்."

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துக் கிளாக்கரின் மகன் போன் எடுத்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தன். அது அப்பான்ர வண்டிதானே. புத்தகத்தில அவற்ற பேர்தான் கிடக்கு. பாவம் எண்டு உம்மட அப்பாவுக்கு ஓடக் குடுத்தவர். இவ்வளவு காலமும் வச்சிருந்ததுக்கு நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. எனக்குத் தெரிஞ்ச ஹொட்டல்காரர் ஒருத்தர் முன்வாசலில வைக்கக் கேக்கிறார். சனிக்கிழமை லொறியோட வாறன்."

"ஒங்க அப்பா எங்க அப்பாவ ஏமாத்தினாரு" என்றேன். "மரியாதையாக் கதையும்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை உண்மையாகவே வந்தார். லொறி, சுமக்க இரண்டு ஆட்கள், கையில் அந்தப் புத்தகம். நானாவிடம் போய், "இது என்ர வண்டி, திறந்து விடுங்கோ" என்றார்.

நானா பெட்டியிலிருந்து எழும்பவில்லை. "வண்டி என்ட பொறுப்பில இல்ல சேர். சாவி மிஸ்ட கையில."

முந்திய இரவே நான் முடிவு செய்திருந்தேன் என்று சொன்னால் பொய். அவர் அந்தப் புத்தகத்தை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு நின்ற விதத்தில்தான் எனக்கு அது தோன்றியது.

"காட்டுங்க, புத்தகத்துல என்னா எழுதியிருக்கு?" என்று வாங்கிப் பார்த்தேன். "எஞ்சின் நம்பர். சேசிஸ் நம்பர். இந்த ரெண்டும்தான் ஒங்க அப்பா பேருல இருக்கு. நில்லுங்க, தாறேன்."

ஷெட்டைத் திறந்தேன். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதலில் சீட். அது கண்டியில் நான் தைக்கக் கொடுத்தது. பிறகு டேங்க். பெயின்ட் நான் அடித்தது. இரண்டு சக்கரங்கள், கோத்தது நான். நான் தேடி வாங்கிய காப்பரேட்டர், கேபிள்கள், விளக்கு. "எட்டு" என்று கையை நீட்டினேன், எட்டாம் நம்பர் ஸ்பேனர் என் கையில் வந்து இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நானா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதுவரை எனக்கு ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்துத் தராத மனிதர், நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். சிலிண்டரைக் கழற்றினேன். புதுப் பிஸ்டனை உருவித் துணியில் சுற்றி வைத்தேன்.

"என்ன செய்யிறீர்? உமக்கு விசரே?" என்று அவர் கத்தினார்.

"ஒங்களோடத ஒங்களுக்குத் தாறேன். எங்க அப்பா பேரு இல்லாததத் தாறேன்."

மூன்று மணித்தியாலம் ஆனது. லொறிக்காரர் வாடகை ஏறுகிறது என்று முறைத்தார். சுமக்க வந்த இரண்டு பேரும் அரிசிக் கடை நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் தரையில் வெறும் இரும்புச் சட்டமும், எஞ்சினின் அடிப்பெட்டியும் மட்டும் இருந்தன. நம்பர்கள் இரண்டையும் துணியால் துடைத்துக் காட்டினேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்க."

"இதை வச்சு நான் என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியாது. முன்வாசல்ல வைங்க."

அவர் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பொலிஸுக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டு, வெறும் லொறியோடு போனார். அவர் போனதும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். சுற்றிவர ஒரு வருட உழைப்பு தகரம் தகரமாகக் கிடந்தது. நானா கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"கழட்டின ஒழுங்கு எழுதல்ல இன்டக்கி" என்றார்.

பொலிஸிலிருந்து யாரும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பெண்குரல் போனில் வந்தது. கிளாக்கரின் மகள்.

"தம்பி கையெழுத்து வச்சிட்டான். நானும் வச்சிட்டன். சமாதான நீதவானிட்டயும் காட்டியாச்சு. நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

போனேன். அவர் தனியாக இருந்தார். புத்தகமும் கடிதங்களும் ஒரு உறையில் ஒழுங்காக இருந்தன.

"எப்பிடி அவர கையெழுத்து வைக்க வச்சீங்க?" என்று கேட்டேன்.

"இந்த வீடு என்ர பேரில இருக்கு" என்றார் அவர். "அதை அவனுக்கு ஒருக்கா ஞாபகப்படுத்தினன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கட அப்பா வருவார். அந்தப் படியில நிப்பார், உள்ளுக்கு வரமாட்டார். அப்பா வீட்டுக்குள்ள இருந்துகொண்டே 'இல்லையெண்டு சொல்லு' எண்டுவார். நான்தான் போய்ச் சொல்லுறனான். ஒருநாள் அவர் 'அம்மா, ஐயாவோட செருப்பு வெளிய கெடக்கே' எண்டார். கோபமாச் சொல்லேல்லை. சும்மா சொன்னார். நான் அதுக்கும் இல்லையெண்டுதான் சொன்னனான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

என்னால் முடியவில்லை. அந்தப் பெண் கெட்டவர் இல்லை. தம்பியோடு சண்டை பிடித்து எனக்காக இதைச் செய்திருக்கிறார். ஒரு "பரவாயில்லை" சொல்லியிருக்கலாம். ஆனால் படியில் நின்றது நான் இல்லை. அதைச் சொல்லும் உரிமை என்னிடம் இல்லை என்று தோன்றியது. "வாறேங்க" என்று மட்டும் சொல்லி, உறையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது. அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை.

பெயர் மாற்றினேன். புதுப் பக்கத்தில் முந்திய சொந்தக்காரர் என்று துரையின் பெயர், அடுத்து கிளாக்கரின் பெயர், அடுத்து என் பெயர். அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. எங்கேயாவது ஒரு மூலையில் எழுத முடியுமா என்று கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன். "அதுக்கு எடம் இல்ல மிஸ்" என்றார் நல்ல மனிதராகவே. அவர்மேல் கோபப்பட முடியவில்லை. யார்மேல் படுவது என்று தெரியாத கோபம்தான் ஆகக் கொடுமையானது. வெளியே வந்து பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வண்டியைத் திரும்பப் பூட்ட நாலே சனிக்கிழமை போதுமாயிருந்தது. ஐந்தாவது சனிக்கிழமை, அந்த வருடத்துக்குள்ளேயே ஓட்டப் பழகி எடுத்திருந்த லைசன்ஸோடு, கம்பளையிலிருந்து கண்டிக்கு ஓட்டினேன். நானா தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். கெலிஓயாவில் வண்டி நின்றது. உதைத்தேன், உதைத்தேன், பிடிக்கவில்லை. ஆட்டோக்காரர்கள் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு யோசனை. ஒருவர் என் கையிலிருந்து வண்டியை வாங்கவே பார்த்தார். "கைய எடுங்க" என்றேன். நானா ஸ்கூட்டரில் இருந்தபடியே, ஹெல்மட்டைக்கூடக் கழற்றாமல், "நான் தொட மாட்டன்" என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெற்றோல் குழாயின் திருகை நான் அரைகுறையாகத்தான் திறந்திருந்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கியதில்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். என்னையே திட்டிக்கொண்டு முழுக்கத் திறந்துவிட்டு உதைத்தேன். பிடித்தது.

பேராதனையில் வழக்கமான நெரிசல். எனக்குப் பின்னால் ஒரு தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. கிட்ட வந்து, ஓரத்துக்குப் போ என்று சாரதி ஜன்னலால் கையைக் காட்டினான். வரிசையில் நான் வந்த இடம் அது. என் முன்னால் இருந்த காரும் அங்கேதான் நின்றது. அவன் கெட்டம்பே வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தான். நான் கெட்டம்பே வரைக்கும் நடுவிலேயே போனேன்.